கற்றாழை தலை தொங்கினால் குடத்தைத் தூக்க வேண்டாம்!

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வரைக்கும் கடைத்தெருக்களில் நடப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிய ஒன்றுதான். கடை வாசலில், நிலைக்கு மேலே, ஒரு சோற்றுக்கற்றாழைச் செடி தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். திருஷ்டி கழிய வேண்டும் என்று கட்டியது. அதற்கு மண் இல்லை, தொட்டி இல்லை, தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை. வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அது மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். சில செடிகள் தொங்கிக்கொண்டே இலை நுனியை மேல்நோக்கி வளைத்து வளரவும் செய்யும்.

அதே கற்றாழை பக்கத்துத் தெரு வீட்டில், அழகான பீங்கான் தொட்டியில், ஜன்னல் ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். அதற்கு நல்ல மண் உண்டு, உரம் உண்டு, தினமும் தண்ணீர் ஊற்ற அன்பான ஆளும் உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் இலைகள் தொய்ந்து, தொட்டியின் விளிம்பில் சாய்ந்து, செடி செத்துப்போகும்!

பராமரிப்பே இல்லாத செடி பிழைக்கிறது, பார்த்துப் பார்த்து வளர்த்த செடி சாகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. "எனக்குக் கைராசி இல்லை" என்று ஒரு வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார்கள். கைராசி என்று ஒன்று கிடையாது. தொட்டிக்குள் வேர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இலை தொங்கியதைக் கண்டதும் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கம்தான் வீட்டில் வளரும் சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. நோய் எது என்று பார்க்காமல் கொடுக்கும் மருந்து எதுவாக இருந்தாலும் அது ஆபத்துதான். தண்ணீரும் அதற்கு விலக்கல்ல.

நைட் ஷிஃப்ட் செடிகள்

கற்றாழை, ரணகள்ளி, கள்ளி வகைகள், நர்சரிகளில் 'சக்குலென்ட்' என்ற பெயரில் கிடைக்கும் சின்னச் சின்னச் செடிகள் எல்லாமே இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைப்பவை. இவை மற்றச் செடிகளைப் போல வேலை செய்வதில்லை. ரோஜாவும் தக்காளியும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. அப்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கற்றாழை பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொள்ளும். இரவின் குளிர்ச்சியில்தான் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வெயிலில் உள்ளுக்குள்ளேயே சமைத்துக்கொள்ளும். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்குச் சொல்வதானால், இது நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் பார்க்கும் செடி!

இந்த ரகசியத்தின் முதல் தடயங்களில் ஒன்று நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஒருவரால் கிடைத்தது. ஜெர்மனியில் பிறந்த பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூர் லால்பாக் தோட்டம் சில ஆண்டுகள் இவருடைய பொறுப்பில் இருந்தது. ரணகள்ளி இலையைக் காலையில் மென்று பார்த்தால் நன்றாகப் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று இவர் எழுதிய குறிப்பு 1815இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதுதான் அந்தச் சுவை மாற்றத்தின் பொருள். ரணகள்ளியின் குடும்பப் பெயரான கிராசுலேசி என்பதை வைத்தே இந்த முறைக்குப் பிற்காலத்தில் பெயர் சூட்டினார்கள். சுருக்கமாக 'கேம்' என்பார்கள்.

இதற்கும் தொங்கும் இலைக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம் உண்டு. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல், கோதுமை போன்ற பயிர்கள் சுமார் 400 முதல் 500 கிராம் தண்ணீரை ஆவியாக இழக்கின்றன. கேம் செடிகள் இழப்பதோ 50 முதல் 100 கிராம்தான். அதாவது தக்காளிச் செடி இரண்டே நாளில் உறிஞ்சிவிடும் ஈரத்தைக் கற்றாழை பல நாட்களுக்குத் தொடாமல் வைத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றினால் தக்காளி காய்க்கும், கற்றாழை அழுகும்.

ஈர மண்ணில் தாகம்

அழுகுவது என்றால் என்ன? வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். அந்த இடைவெளிகள் எப்போதும் தண்ணீரால் நிரம்பியிருந்தால் ஆக்சிஜன் வேருக்குப் போய்ச் சேராது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சுத் திணறிய வேர் பலவீனமாகும். பித்தியம், ஃபியூசேரியம் போன்ற மண் நோய்க்கிருமிகள் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும். வேர் பழுப்பாகி, கொழகொழத்து, தோல் உரியும்.

இங்கேதான் வீட்டில் வளர்ப்பவர்கள் ஏமாந்துபோகும் இடம் வருகிறது. வேர் போய்விட்டால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது. குடிக்க முடியாத செடியின் இலை சுருங்கும், மெலியும், தொங்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் செடி மாதிரியே இருக்கும்! ஆனால் மண்ணோ ஈரமாக இருக்கும். "ஏங்க, செடி வாடுதே, கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்" என்று வீட்டில் குரல் வரும். ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே போகும். மிச்சம் இருந்த நாலு வேரும் அழுகும். இலை இன்னும் தொங்கும். மறுநாள் இன்னொரு சொம்பு. மருந்து என்று நினைத்துக் கொடுப்பதே நோயாக இருப்பதால், கொடுக்கக் கொடுக்க நோய் முற்றுகிறது.

ஐந்து முறை 'ஏன்'

ஓசூர் ஆலைகளில் வேலை செய்யும் பலருக்கு ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கும் வழக்கம் தெரிந்திருக்கும். டொயோட்டாவில் இருந்து உலகம் முழுவதும் பரவிய முறை அது. அந்த நிறுவனத்தின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாயிச்சி ஓனோ, 1978இல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு உதாரணம் தருகிறார். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு மாதத்தில் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல் தர நிர்வாகத்துக்கான டெமிங் விருதைப் பெற்றது. இந்த வட்டாரத்தில் தரம், மூல காரணம் போன்ற சொற்கள் டீக்கடைப் பேச்சிலேயே புழங்குகின்றன. ஆனால் எட்டு மணி நேரம் இயந்திரத்திடம் 'ஏன்' கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவர், ஜன்னல் ஓரத்துச் செடியிடம் ஒரு 'ஏன்' கூடக் கேட்பதில்லை. நேராகச் சொம்பைத் தூக்குகிறார்.

கேட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? இலை ஏன் தொங்குகிறது? இலைக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? வேர் உறிஞ்சவில்லை. ஏன் உறிஞ்சவில்லை? அழுகிவிட்டது. ஏன் அழுகியது? மண் காயவே இல்லை. ஏன் காயவில்லை? தொட்டியின் அடியில் துளை இல்லை. முதல் 'ஏன்' சொல்லும் தீர்வு தண்ணீர். ஐந்தாவது 'ஏன்' சொல்லும் தீர்வு துளை. இரண்டும் நேர் எதிரானவை!

அறிகுறிகளைப் படிப்பது எப்படி?

எல்லாத் தொய்வுக்கும் ஈரம் மட்டுமே காரணம் என்று சொல்வதும் தவறு. காரணங்கள் பல இருப்பதால்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறோம் அல்லவா? பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கையும் ஒரு ஈர்க்குச்சியும் போதும்.

முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அடுத்து ஈர்க்குச்சியை அடி வரைக்கும் குத்தி எடுக்க வேண்டும். மேல் மண் காய்ந்து அடி மண் சேறாக இருப்பது மிகவும் சாதாரணம். மேலே மட்டும் தொட்டுப் பார்ப்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். குச்சியில் ஈர மண் ஒட்டி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மூன்றாவதாக இலையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து, தொட்டால் கூழாக இருந்தால் அது தண்ணீர் கூடியதன் அடையாளம். தண்டின் அடியில் கெட்ட வாடை அடித்தால் அழுகல் மேலே ஏறிவிட்டது என்று பொருள்.

இலை மெலிந்து, விளிம்புகள் உள்பக்கமாக மடிந்து வாய்க்கால் போல ஆகி, ஆனால் நிறம் கெடாமல் இருந்தால், மண்ணும் அடி வரை காய்ந்திருந்தால், அது உண்மையான தாகம். இதே மெலிந்த இலை ஈரமான மண்ணில் இருந்தால் வேர் போய்விட்டது. ஒரே அறிகுறிக்கு இரண்டு நோய். பிரித்துக் காட்டுவது மண்தான்.

இலை நீண்டு, வெளிறி, தன் எடையைத் தாங்க முடியாமல் நாலாபக்கமும் படுத்தால் வெளிச்சம் போதவில்லை. ஆபீஸ் மேஜையில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்த செடிகளுக்கும், பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும் ஜன்னலில் வைத்த செடிகளுக்கும் இதுதான் நடக்கிறது. இதற்குத் தண்ணீரும் தீர்வல்ல, உரமும் தீர்வல்ல. வெளிச்சம்தான் தீர்வு. ஆனால் ஒரே நாளில் வெயிலில் தூக்கி வைத்தால் இலை கருகும். ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு சேர்ந்துவிட்டது. உப்பு கூடிய மண்ணில் வேர் தண்ணீர் எடுக்கத் திணறும். துளையுள்ள தொட்டியில் மழைத்தண்ணீரை ஊற்றி அடிவழியாக வடியவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். தொட்டி மாற்றிய ஓரிரு வாரத்துக்குள் இலை தொங்கினால் பயப்பட வேண்டாம். அறுந்த வேர் ஆறுவதற்கு நேரம் கொடுத்தால் போதும். ரோஜாப்பூ அடுக்கு போல இருக்கும் எச்சிவேரியாச் செடிகளில் அடி இலைகள் காகிதம் போலக் காய்வது நோயே அல்ல, வயது.

ஓசூர் வேறு, கிருஷ்ணகிரி வேறு

"வாரம் ஒருமுறை தண்ணீர்" என்று செடியோடு ஒரு சூத்திரத்தையும் சேர்த்து விற்கிறார்கள். இந்தச் சூத்திரத்துக்கு ஊர் தெரியாது, மாதம் தெரியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே இறங்கினால் கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர்தான். மார்ச்சிலிருந்து மே வரைக்கும் கிருஷ்ணகிரி மொட்டை மாடியில் ஒரு மண்தொட்டி நாலைந்து நாளில் காய்ந்துவிடலாம். அதே தொட்டி ஓசூரில் டிசம்பர் மாதப் பனியில், வெயில் படாத மூலையில், மூன்று வாரம் ஆனாலும் காயாமல் இருக்கலாம். குளிரில் செடியின் வளர்ச்சியும் குறையும், குடிப்பதும் குறையும். செப்டம்பர், அக்டோபர் மழையில் வெளியே வைத்திருக்கும் செடிக்கு மனிதர் ஊற்ற வேண்டிய தேவையே இருக்காது. ஆக, கேட்க வேண்டியது நாள்காட்டியை அல்ல, மண்ணை.

சரியான முறை எளிமையானது. ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும் வரை நன்றாக ஊற்ற வேண்டும். பிறகு மண் அடி வரை காயும் வரைக்கும் தொடக் கூடாது. அழுகிவிடுமோ என்று பயந்து தினமும் ஒரு ஸ்பூன் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறுதான். மேல் மண் மட்டும் நனைந்தால் அடி வேர்கள் காய்ந்து, செடி அரைப்பட்டினியில் கிடக்கும். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு என்று சமையலறை மிச்சத்தையெல்லாம் கற்றாழைத் தொட்டியில் போடுவதையும் நிறுத்த வேண்டும். ரோஜாவுக்குச் சத்தாக இருப்பது இதற்குச் சேறாகிவிடும்.

மண் விஷயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. மாவட்டம் முழுவதும் பாறைக் குன்றுகள். அந்தப் பாறை இடுக்குகளில் கள்ளியும் பிரண்டையும் யாரும் ஊற்றாமல் வளர்கின்றன. அவை நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பாடம் கிடைக்கும். கொஞ்சம் செம்மண், நிறைய சரளை. மழை பெய்தால் நனைகிறது, பெய்து முடித்ததும் வடிந்துவிடுகிறது. தொட்டியிலும் அதே கணக்குத்தான். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு, கைப்பிடி மக்கிய எரு. கிரஷர் தூசியை மட்டும் போடக் கூடாது. அது இடைவெளிகளை அடைத்து சிமென்ட் போல இறுகிவிடும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகுதான் இறங்கும். அதனால் ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஜல்லியை அடியில் அடுக்காமல் மண்ணோடு கலப்பதே சரி. துளையின் மேல் ஒரு ஓட்டுத் துண்டு வைத்தால் போதும். தொட்டி மண்தொட்டியாக இருந்தால் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும்.

அழுகிய செடியைக் காப்பாற்றுவது

வேர் அழுகியது உறுதியானால் தயங்காமல் செடியை வெளியே எடுக்க வேண்டும். பழைய மண்ணை முழுவதும் உதறிவிட்டு வேரைப் பார்க்க வேண்டும். கெட்டியாக, வெளிறிய நிறத்தில் இருப்பவை நல்லவை. கறுத்து, நசுங்கி, இழுத்தால் தோல் கழன்று வருபவை செத்தவை. சுத்தமான கத்தியால் செத்ததையெல்லாம் வெட்டிவிட வேண்டும். தண்டின் அடியும் அழுகியிருந்தால் உள்ளே பழுப்பு நிறமே தெரியாத இடம் வரைக்கும் வெட்ட வேண்டும். பாதி வெட்டிப் பாதி விட்டால் அழுகல் தொடரும்.

வெட்டிய செடியை உடனே நடக் கூடாது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் மூன்று முதல் ஏழு நாள் வரை அப்படியே போட்டு வைக்க வேண்டும். வெட்டுக்காயம் காய்ந்து தோல் கட்டும். சிலர் மஞ்சள் தூள் தடவுவார்கள். அது கட்டாயமில்லை, காய்வதுதான் முக்கியம். 'மண்ணில்லாமல் ஒரு வாரமா? செத்துவிடாதா?' என்று சந்தேகம் வந்தால், மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் தொங்கும் திருஷ்டிக் கற்றாழையை நினைத்துக்கொண்டால் போதும்.

பிறகு காய்ந்த மண் கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். தொட்டி, வேர்க்கொத்தைவிட ஒன்றிரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிக் கிடக்கும். சில வாரங்களுக்கு நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். தாய்ச்செடி காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். ரணகள்ளியும் எச்சிவேரியாவும் ஒரு இலையிலிருந்தே புதுச் செடி கொடுக்கும். சோற்றுக்கற்றாழையின் தனி இலையை நட்டால் அது பெரும்பாலும் அழுகத்தான் செய்யும், வேர் விடாது. இது தெரியாமல் இலையை நட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

செடி பிழைத்ததா என்று தெரிந்துகொள்ளத் தொங்கிய பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மடிந்த இலை நிமிராமலே போகலாம். நடுக்குருத்து கெட்டியாக, புதிதாக வளர்ந்தால் செடி தேறிவிட்டது.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

எல்லாப் பழியையும் வாங்குபவர் மேலேயே போடுவது நியாயமல்ல. ஓசூர், பாகலூர், தளி வட்டாரம் மலர்ச் சாகுபடிக்கும் நர்சரிகளுக்கும் பெயர் பெற்றது. தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கீழ் கொய்மலர்களுக்கான மகத்துவ மையமே இருக்கிறது. இங்கே பசுமைக்குடில்களில் ரோஜாவுக்குச் சொட்டுநீர்க் குழாய் வழியாக அளந்து அளந்துதான் தண்ணீர் போகிறது. ஊகத்தில் ஊற்றும் பழக்கம் அங்கே இல்லை. இவ்வளவு அறிவு இருக்கும் வட்டாரத்தில், சின்னத் தொட்டியில் விற்கும் சதைப்பற்றுச் செடியோடு மட்டும் அந்த அறிவு வீட்டுக்குப் போவதில்லை.

நர்சரிகளில் தென்னை நார்க் கழிவில், அதாவது கோகோ பீட்டில், செடியை வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, லாரியில் அனுப்புவது சுலபம். கூரைக்கு அடியில், கணக்காகத் தண்ணீர் விடும் நர்சரியில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கோகோ பீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே செடி வீட்டு ஜன்னலுக்கு வந்து தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கும்போது, அந்தத் தொட்டி ஈரமான ஸ்பாஞ்சாக மாறிவிடுகிறது. மறந்துபோய்க் காயவிட்டால் அது சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விடும். அப்போது ஊற்றும் தண்ணீர் ஓரமாக இறங்கி ஓடிவிடும், வேருக்குச் சேராது.

போதாக்குறைக்குத் துளையில்லாத பீங்கான் கோப்பைகளில் நட்டு, பிறந்தநாளுக்கும் மகளிர் தினத்துக்கும் பரிசுப் பொருளாக விற்கிறார்கள். துளையில்லாத கோப்பையில் நட்ட சதைப்பற்றுச் செடி சாவதற்காகவே செய்யப்பட்ட பொருள். அதைச் செடி என்று விற்பதைவிடப் பூங்கொத்து என்று விற்பது நேர்மையாக இருக்கும். பெயரைச் சொல்வதிலும் கவனம் இல்லை. 'ஜேட்' என்ற பெயரில் இங்கே விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் போர்ச்சுலக்கேரியா என்ற வேறொரு தென்னாப்பிரிக்கச் செடி. பெயர் தெரியாமல் வளர்ப்பு முறையை எங்கே போய்த் தேடுவது?

சொல்ல வேண்டியது மிகவும் குறைவுதான். செடியின் பெயர், தொட்டிக்குத் துளை வேண்டும், மண் காய்ந்த பிறகே தண்ணீர், வெளிச்சம் எவ்வளவு. இந்த நாலு விஷயத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? மூன்று மொழியும் புழங்கும் எல்லை ஊர் இது. தமிழில் கற்றாழை என்பதைக் கன்னடத்தில் லோளேசர என்கிறார்கள், தெலுங்கில் கலபந்த என்கிறார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அதற்குப் பிடிக்காதது ஒன்றுதான், நனைந்துகொண்டே இருக்கும் கால்!

சின்னச் செடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

"ஐம்பது ரூபாய்ச் செடி, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், இதற்கு ஐந்து 'ஏன்' எல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத்தான் தோன்றும். ஆனால் முதல் செடி ஏன் செத்தது என்று தெரியாமல் வாங்கும் இரண்டாவது செடியும் அதே மாதிரிதான் சாகும். மூன்றாவது செடி செத்ததும் அந்த வீட்டில் செடி வாங்கும் பழக்கமே நின்றுவிடும். 'நமக்குச் செடி வராது' என்ற முடிவைக் குழந்தைகளும் கேட்டு வளரும்.

சிப்காட் பகுதிகளைச் சுற்றி ஒற்றை அறை, இரட்டை அறை வாடகை வீடுகளில் வாழ்பவர்கள் ஏராளம். தர்மபுரி, சேலம் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தோட்டம் போட இடம் இல்லை. ஜன்னல் கட்டையில் ஒரு தொட்டி வைக்கத்தான் இடம். ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் பத்து நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடி சதைப்பற்றுச் செடிதான். அவர்களுக்கென்றே அமைந்தது போன்ற செடி, தவறான அக்கறையால் ஒரே மாதத்தில் குப்பைக்குப் போவது வருத்தமான விஷயம். அங்கே இழப்பது ஐம்பது ரூபாய் மட்டும் அல்ல. விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் 'என் கையில் செடி வளராது' என்று நம்பத் தொடங்குவதும் சேர்ந்துதான்.

மொத்தத்தில், வாடிய இலை ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்தச் செய்தி எப்போதும் 'தண்ணீர் கொடு' என்பதாக இருப்பதில்லை. பல சமயம் 'போதும், நிறுத்து' என்பதாகத்தான் இருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு ஈர்க்குச்சியும் ஒரு நிமிடமும் போதும். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. ஊற்றாத தண்ணீரை நாளைக்கும் ஊற்றலாம். சந்தேகம் வரும் நாளில் கற்றாழைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம், சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பதுதான்.